கேப்டன் பற்றிய நான்கு வரித் திருத்தம்

பத்திரிகை அலுவலகத்தில் யாரும் கேட்டு வாங்காத வேலை ஒன்று என்னிடம் இருந்தது. இரண்டாம் பக்கத்தின் அடியில் வரும் ‘திருத்தம்’ பெட்டியை எழுதுவது. முந்தைய நாள் வந்த பிழையைச் சொல்லி, சரியான தகவலைத் தந்து, வருந்துகிறோம் என்று முடிக்க வேண்டும். நான்கு வரிக்கு மேல் இடம் கிடையாது. ஒன்பது வருடம் எழுதினேன். அத்தனை வருடத்தில் அதைப் படித்ததாக ஒருவர்கூட என்னிடம் சொன்னதில்லை. பிழையைப் படிப்பவர்கள் திருத்தத்தைப் படிப்பதில்லை என்ற முடிவுக்கு வந்திருந்தேன். நெய்வேலியில் அந்தக் கிடா விஷயத்தில் நான் செய்ததற்கு இந்த முடிவும் ஒரு காரணம்.

அங்கே நான் படித்த கல்லூரியில் விளையாட்டு விழா அணிவகுப்புக்கு முன்னால் ஒரு செம்மறிக் கிடா நடந்து போகும். கறுத்த முகம், வெளுத்த உடம்பு, கழுத்தில் கல்லூரி நிறத்தில் பட்டை. தலையில் நிலக்கரி மைன்ஸில் போடுகிற மஞ்சள் ஹெல்மெட், கொம்புகள் வெளியே வர இருபுறமும் அறுத்தது. எல்லோரும் அதைக் கேப்டன் என்பார்கள். மைன்ஸில் மதியம் இரண்டு மணி ஷிப்ட் சங்கு ஊதியதும் அது நடக்கத் தொடங்கும். யாரும் கயிறு பிடிப்பதில்லை. ஓடுபாதையில் இரண்டு சுண்ணாம்புக் கோடுகளுக்கு நடுவே, வளைவிலும் கோட்டைத் தாண்டாமல், சிறப்பு விருந்தினர் நிற்கும் மேடைவரை போகும். பின்னால் அணிகள். பல்கலைக்கழக மண்டலப் போட்டிகளுக்கு வந்த வெளியூர்க் கல்லூரிக்காரர்கள் எழுந்து நின்று பார்ப்பார்கள்.

கடைசி வருடம் படித்தபோது கல்லூரி மலருக்கு அதைப் பற்றி ஒரு பக்கம் எழுதினேன். நூலகத்தில் பழைய மலர்களை எடுத்துப் பார்த்தேன். அந்த வருடத்தையும் சேர்த்துப் பன்னிரண்டு வருடங்களின் படங்கள் கிடைத்தன. பன்னிரண்டிலும் அதே ஹெல்மெட், அதே கறுத்த முகம். ‘பன்னிரண்டு ஆண்டுகளாக நம் அணிகளை நடத்திச் செல்லும் கேப்டன்’ என்று தலைப்பு வைத்தேன். ஒரு செம்மறி எத்தனை வருடம் உயிரோடு இருக்கும், பன்னிரண்டு வயதில் அப்படி நிமிர்ந்து நடக்குமா என்று நான் விசாரிக்கவில்லை. விசாரிக்க வேண்டிய ஆள் பத்தடி தூரத்தில் சுண்ணாம்பு வாளியோடு நின்றுகொண்டிருந்தார். மைதானத்துக்குக் கோடு போடுகிற கிரவுண்ட்மேன். கிடாவை வளர்த்துப் பழக்கியவரும் அவர்தான். அவரிடம் கேட்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. உடற்கல்வி இயக்குநரிடம் கட்டுரையைக் காட்டினேன். அவர் படித்துச் சிரித்தார், கையெழுத்துப் போட்டார். அந்த வருடமே அவர் ஓய்வு பெற்றார். கிடா நடப்பதும் அதோடு நின்றது.

பிறகு நான் சென்னைக்குப் போனேன். பத்திரிகையில் சேர்ந்தேன்.

திரும்பி வந்தது, புயல் பண்ருட்டிப் பக்கத்து முந்திரியையும் பலாவையும் சாய்த்துப்போட்டு இரண்டு வருடம் ஆன பிறகு. அப்பா மைன்ஸில் மெக்கானிக். ஓய்வு பெற்றிருந்தார். குவார்ட்டர்ஸைக் காலிசெய்ய அவகாசம் கொடுத்திருந்தார்கள். அம்மா இல்லாத வீட்டில் சாமான்களைப் பிரித்து அடுக்க ஆள் வேண்டும். நான் அலுவலகத்தில் நீண்ட விடுப்புப் போட்டேன். அந்தச் சமயத்தில்தான் பழைய மாணவர் சங்கத்தின் செயலாளர் என்னைக் கண்டுபிடித்தார். எனக்குப் பல வருடம் பின்னால் படித்தவர், கபடி அணியில் இருந்தவர், மந்தாரக்குப்பத்தில் பெயின்ட் கடை வைத்திருந்தார். சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் என் பழைய பக்கத்தைப் படமெடுத்துப் போட்டிருந்தார். நாற்பது பேர் கைதட்டியிருந்தார்கள்.

“மேடம், கேப்டன திரும்பக் கொண்டுவர்றோம்” என்றார். “அடுத்த ஸ்போர்ட்ஸ் டேக்கு லைவா. நீங்க எழுதுனது இருக்கறதாலதான் இதெல்லாம் எங்களுக்குத் தெரியும். விழா மலருக்கு நீங்கதான் ஆசிரியர்.”

அவர் கிடாவை நேரில் பார்த்ததே இல்லை. குழுவில் ஆரவாரம் செய்தவர்களில் பாதிப்பேர் பார்த்ததில்லை.

கல்லூரியில் நடந்த முதல் கூட்டத்துக்கு கிரவுண்ட்மேனையும் வரச்சொல்லியிருந்தார்கள். முத்தாண்டிக்குப்பம் பக்கத்திலிருந்து சைக்கிளில் வந்தார். இன்னும் அதே மைதானம், இன்னும் கான்ட்ராக்ட். முடி நரைத்திருந்தது. விரல் இடுக்குகளில் சுண்ணாம்பு புண்ணாக்கிய தழும்புகள். நாற்காலி காலியாக இருந்தும் கதவோரம் நின்றார்.

“அண்ணே, பழைய மாதிரியே ஒரு கிடா பழக்கணும்” என்றார் செயலாளர்.

“முடியாதுங்க. வயசாயிடுச்சி.”

“உங்கள வுட்டா யாரு இருக்கா? பழைய கேப்டன் பன்னெண்டு வருஷம் இருந்துச்சில்ல, அதே மாதிரி இதுவும் இங்கயே கேம்பஸ்ல இருக்கட்டும். ஷெட்டு போட்டுத் தர்றோம். அது சாவுற வரைக்கும் காலேஜ் பொறுப்பு.”

கிரவுண்ட்மேன் நிமிர்ந்தார். முதலில் செயலாளரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே, “சாவுற வரைக்குமா?” என்று கேட்டார்.

“ஆமாண்ணே. தீர்மானத்துலயே எழுதிடறோம்.”

“அப்பன்னா பழக்கறேங்க.”

சங்கப் பணத்தில், தன் ஊரில் ஓர் ஆட்டுப் பட்டியிலிருந்து குட்டியாகப் பிடித்து வந்தார். மைதானத்தின் ஓரத்தில், சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் தகர ஷெட். நான் சாமான் கட்டுவதற்கு நடுவே மதியங்களில் அங்கே போவேன், மலருக்குக் குறிப்பு எடுக்கிறேன் என்ற பெயரில். பழக்கும் முறை எளிமையானது. குட்டியை ஓடுபாதையின் ஒரு முனையில் விட்டுவிடுவார். அவர் மறுமுனையில் மேடை அருகே அலுமினியத் தட்டோடு நிற்பார். தட்டில் கடலைப் புண்ணாக்கு, மேலே ஒரு கொத்து பலா இலை. இரண்டு மணிக்குச் சங்கு ஊதும்வரை தட்டை முதுகுக்குப் பின்னால் வைத்திருப்பார். ஊதியதும் முன்னால் நீட்டுவார். அந்த ஒரு வேளையைத் தவிர வேறு எப்போதும் அதற்குப் புண்ணாக்கு கிடையாது. சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி வந்தால் தட்டு மறுபடி பின்னால் போய்விடும். ஒரு மாதத்தில் குட்டிக்குச் சங்கு புரிந்தது. மூன்றாவது மாதத்தில் கோடு புரிந்தது. ஞாயிற்றுக்கிழமையும் அவர் சைக்கிள் மிதித்து வந்தார்.

“பலா இலைக்குத்தான் அலைய வேண்டிக்கீது” என்றார் ஒருநாள். “மரமெல்லாம் புயல்ல பூடுச்சி.”

பகலில் மைன்ஸ் பக்கத்திலிருந்து காற்று அடித்தால் குட்டியின் ரோமம் சாயங்காலத்துக்குள் சாம்பல் நிறமாகிவிடும். துணி சோப்பு போட்டுக் குளிப்பாட்டுவார். காதுக்குள் தண்ணீர் போகாமல் இரண்டு காதையும் ஒரே கையால் மடக்கிப் பிடித்துக்கொள்வார். அப்படிக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த ஒரு மதியம் நான் கேட்டேன், பழைய கேப்டன் கடைசியில் என்ன ஆனது என்று.

“எதுங்க?”

“பன்னெண்டு வருஷம் இருந்துச்சே.”

அவர் சோப்பைக் கீழே வைத்தார்.

“மெக்கானிக் பொண்ணுதான நீ? பாப்பா, அது ஒரு கிடா இல்ல. வருசத்துக்கு ஒண்ணு. பன்னெண்டு கிடா. எல்லாம் நான் பழக்குனதுதான்.”

“மத்ததெல்லாம்?”

“ஸ்போர்ட்ஸ் டே முடிஞ்ச மறுநாளு ஆஸ்டல்ல விருந்து. ஜெயிச்ச பசங்களுக்கு. சமையக்கட்டு பின்னால தான் வெட்டுவாங்க. வேற ஆளுகிட்ட போவாது, மிரளும். நான்தான் காலப் புடிச்சிக்கணும்.” தண்ணீரை மொண்டு ஊற்றினார். “கறி எனக்கும் ஒரு பங்கு தருவாங்க. நான் துன்ன மாட்டேன். வூட்டுக்கும் எடுத்துக்கினு போவ மாட்டேன்.”

அந்த விருந்து ஆண்கள் விடுதியில் நடந்தது. பெண்களான எங்களுக்கு அது தெரியாது. சாப்பிட்டவர்களுக்கும் தட்டில் இருந்தது எந்த ஆடு என்று கேட்கும் எண்ணம் வந்திருக்காது. தெரிந்தவர்களும் இருந்திருப்பார்கள். அவர்களில் ஒருவரும் வாட்ஸ்அப் குழுவில் அதை எழுதவில்லை.

“அப்போ நான் எழுதுனது தப்பு” என்றேன்.

“தப்புதான். ஆனா அது அப்படியே இருக்கட்டும் பாப்பா. நீ எழுதுனத நம்பித்தான் இத்த சாவுற வரைக்கும் வச்சிக்கிறேன்னு சொல்றாங்க. நானும் அத்த நம்பித்தான் கை வச்சேன். யார்கிட்டயும் சொல்லாத.”

நான் தலையசைத்தேன்.

அடுத்த நான்கு மாதமும் சொல்லவில்லை. அதற்குள் கிடாவுக்குக் கொம்பு சுருளத் தொடங்கியிருந்தது. செயலாளர் புது ஹெல்மெட் கொண்டுவந்தார், வெள்ளை நிறத்தில். போட்டோவில் எடுப்பாக இருக்கும் என்றார். எங்கள் ஊரில் வெள்ளை ஹெல்மெட் அதிகாரிகள் போடுவது. அப்பாவிடம் சொன்னபோது பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தவர் கயிற்றை விட்டுவிட்டு நிமிர்ந்தார். “முப்பது வருஷம் மஞ்சளோடயே வெளிய வந்தேன். ஆட்டுக்கு எடுத்தவுடனே வெள்ளையா? நல்ல டிபார்ட்மென்ட்ல சேர்ந்திருக்கு.”

கல்லூரி முதல்வருக்கு மட்டும் கிடா பிடிக்கவில்லை. அலுவலக வாசலில் இருந்த குரோட்டன்ஸ் தொட்டிகளை அது மேய்ந்துவிட்டது. ஒருமுறை அவருடைய காரின் கதவில் தன் பிம்பத்தைப் பார்த்து முட்டியது. ஸ்போர்ட்ஸ் டே முடியட்டும், பிறகு இதற்கு ஒரு வழி செய்யுங்கள் என்று செயலாளரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். தீர்மானம் இருக்கிறது சார் என்று செயலாளர் சமாளித்துவந்தார்.

விழா மலர் அச்சுக்குப் போகும் நாள் வந்தது. என் பழைய பக்கத்தை அப்படியே மறுபதிப்புச் செய்வது என்று முன்பே முடிவாகியிருந்தது. புரூப் பார்த்தேன். ‘பன்னிரண்டு ஆண்டுகளாக’ என்ற தலைப்பு பெரிய எழுத்தில் இருந்தது. தெரிந்தே ஒரு பிழையை இரண்டாவது முறை அச்சுக்கு அனுப்ப என்னால் முடியவில்லை. அதை நேர்மை என்று நான் இப்போது சொல்லமாட்டேன். பழக்கம் என்பதே சரி. பக்கத்தின் அடியில், சிறிய எழுத்தில், நான்கு வரி சேர்த்தேன்:

‘திருத்தம்: அணிவகுப்பை நடத்தியது ஒரே கிடா அல்ல, பன்னிரண்டு ஆண்டுகளில் பன்னிரண்டு கிடாக்கள். ஒவ்வோர் ஆண்டும் விழாவின் மறுநாள் வெற்றி விருந்துக்காக அவை வெட்டப்பட்டன. தகவல்: கல்லூரி மைதானப் பணியாளர். பிழைக்கு வருந்துகிறேன்.’

தகவல் யாரிடமிருந்து வந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும் என்று அலுவலகத்தில் பழக்கியிருந்தார்கள். அதையும் விடாமல் செய்தேன்.

செயலாளர் கடைசிப் புரூப்பை எழுத்து எழுத்தாகப் படித்தார். தன் பெயருக்குப் பின்னால் பட்டம் சரியாக விழுந்திருக்கிறதா என்று தேடிப் படித்தார். வழியில் என் நான்கு வரி அகப்பட்டது. மறுநாள் காலை பத்து மணிக்குப் போன் செய்தார். குரலில் கோபம் இல்லை, உற்சாகம்தான் இருந்தது.

“மேடம், விருந்து வெச்சிருக்காங்களா? இத்த ஏன் முன்னாடியே சொல்லல?”

“அந்த நாலு வரிய எடுத்துடலாம்” என்றேன்.

“எதுக்கு? பிரஸ்ஸுக்குப் போயிடுச்சு. நல்ல மேட்டரு. பாரம்பரியத்த பாதி செஞ்சா பாரம்பரியமா? பிரின்சிபாலுக்கும் போன் போட்டேன். மனுஷன் சிரிச்சி இன்னைக்குத்தான் கேட்டேன்.”

சாகும்வரை வைத்துக்கொள்வதாகத் தீர்மானம் இருக்கிறதே என்று சொன்னேன். ஒரே கிடா பன்னிரண்டு வருடம் இருந்தது என்று நம்பிப் போட்ட தீர்மானம் அது, தகவலே தப்பு என்று நீங்களே எழுதிவிட்டீர்களே என்றார்.

மதியம் மைதானத்துக்குப் போனேன். எனக்கு முன்பே செயலாளர் பைக்கை நிறுத்தி கிரவுண்ட்மேனோடு பேசிக்கொண்டிருந்தார்.

“நீங்களேதான சொல்லிக்கிறீங்க அண்ணே, விருந்துன்னு. உங்க தகவல்னே போட்டுக்கிறாங்க.”

கிரவுண்ட்மேன் என்னைப் பார்க்கவில்லை. “வூட்டுக்கு ஓட்டிக்கினு போயிடறேங்க. யாருக்கும் தொந்தரவு இருக்காது” என்றார்.

“அது சங்கத்து ஆடுண்ணே. குரூப்ல போட்டாச்சு. எல்லாரும் வர்றாங்க. உங்க வூட்டுக்கு வுட்டா மட்டும் என்னா, ரெண்டு தீபாவளி தாண்டாது, நீங்களே அடிச்சித் துன்னுடுவீங்க.” சிரித்துவிட்டு அவர் தோளைத் தட்டினார். கெட்ட மனிதர் இல்லை. விழாவுக்காகத் தன் கடையைப் பத்து நாள் மூடியவர்.

நான் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். எங்கே கட்டுவீங்க மேடம் என்று கேட்டார். குவார்ட்டர்ஸ் அந்த வாரம் காலியாகிறது. சென்னையில் எனக்கு இரண்டாவது மாடி. முத்தாண்டிக்குப்பத்தில், கிரவுண்ட்மேன் வீட்டில் கட்டுகிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த நிமிடத்தில் அது என் வாயில் வரவில்லை.

ஸ்போர்ட்ஸ் டே அன்று இரண்டு மணிக்குச் சங்கு ஊதியது. கிடா வெள்ளை ஹெல்மெட்டோடு நடந்தது. கழுவித் துடைத்த ரோமம், கழுத்தில் பட்டை. இரண்டு கோடுகளுக்கு நடுவே, வளைவில் சற்றும் தயங்காமல், மேடைவரை போனது. எல்லாக் கைகளிலும் போன் உயர்ந்திருந்தது. அணிகள் அதன் பின்னால் வரிசை குலையாமல் வந்தன. மேடைக்குப் பின்னால், கூட்டத்துக்குத் தெரியாத இடத்தில், கிரவுண்ட்மேன் தட்டோடு நின்றார். சிறப்பு விருந்தினர் உரையில் மரபு என்ற சொல் பலமுறை வந்தது. நான் குறிப்பேட்டில் அவர் பேசியதை எழுதினேன். வேறு எங்கும் பார்க்க முடியவில்லை.

மறுநாள் மதியம் ஒன்றரை மணிக்கு லோடு ஆட்டோ வந்தது. இப்போதெல்லாம் விடுதிக்குள் வெட்ட முடியாது. மந்தாரக்குப்பத்தில் ஒரு கடைக்குக் கொண்டுபோக ஏற்பாடு. ஆட்டோக்காரரும் விடுதி ஆள் ஒருவரும் கிடாவை ஏற்றப் பார்த்தார்கள். அது நான்கு காலையும் மண்ணில் ஊன்றிக்கொண்டது. ஒருவர் கொம்பைப் பிடித்து இழுத்தார், இன்னொருவர் பின்னாலிருந்து தள்ளினார். கழுத்து ஒரு பக்கமாகத் திருகியது. அது கத்தவில்லை, மூச்சு மட்டும் பெரிதாக வந்தது. கயிறு எடுத்துக் காலைக் கட்டிவிடலாம் என்றார் ஆட்டோக்காரர்.

நெட் பால் கம்பங்களைப் பிடுங்கிக்கொண்டிருந்த கிரவுண்ட்மேன் அதைக் கீழே போட்டுவிட்டு வந்தார்.

“கொம்ப வுடுங்க. இழுக்காதீங்க. சங்கு ஊதட்டும், தானா வரும்.”

ஆட்டோவை மேடை இருந்த இடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தச் சொன்னார். பின்கதவை இறக்கி ஒரு பலகையைச் சாய்த்தார். கிடாவை ஓடுபாதையின் மறுமுனைக்குக் கூட்டிப்போய் விட்டுவிட்டுத் திரும்பி வந்தார். ஷெட்டுக்குள் போய்த் தட்டை எடுத்துவந்தார். ஆட்டோவின் மேல் ஏறி, உள்ளே கடைசியில், தட்டை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றார். ஆட்டோக்காரர் பீடி பற்றவைத்தார். சங்குக்கு இன்னும் கால்மணி நேரம் இருந்தது.

சங்கு ஊதியது. அவர் தட்டை முன்னால் நீட்டினார்.

முந்தைய நாள் போட்ட கோடுகள் காலடி பட்டு அங்கங்கே அழிந்திருந்தன. இருந்தும் கிடா அவற்றுக்கு நடுவேதான் வந்தது. ஹெல்மெட் இல்லை, பின்னால் அணி இல்லை. பலகையில் குளம்புச் சத்தம் கேட்க ஏறி உள்ளே போய்த் தட்டில் முகத்தை வைத்தது. இலைக் கொத்து தீரும்வரை அவர் அசையவில்லை. தீர்ந்ததும் பக்கவாட்டுக் கம்பியைத் தாண்டி இறங்கினார். ஆட்டோக்காரர் கதவை ஏற்றிக் கொக்கி போட்டார்.

வண்டி கேட்டைத் தாண்டும்வரை நான் நின்றேன். கிரவுண்ட்மேன் தட்டில் ஒட்டியிருந்த புண்ணாக்குத் தூளைத் தட்டிக் கீழே உதறினார். என்னிடம் வந்தார். சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்தார். மலரிலிருந்து கிழித்த பக்கம். அடியில் இருந்த நான்கு வரியின் மேல் விரலை வைத்தார்.

“மேடம், இதுல பன்னெண்டுன்னு போட்டுக்கிறீங்க.”

“ஆமா.”

“இத்தோட பதிமூணு.”

தாளை என் கையில் கொடுத்தார். தட்டை ஷெட்டில் வைத்துவிட்டுச் சுண்ணாம்பு வாளியை எடுத்துக்கொண்டு, வாலிபால் கோர்ட்டுக்குக் கோடு போடப் போனார்.